உள்பக்கத் தாழ்ப்பாள்

1

காலி பிளாஸ்டிக் கேன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம். டொக். டொடக், டொக். எப்போது கதவைத் திறந்தேன் என்று தெரியாது, என் ஒரு கால் காருக்கு வெளியே இருந்தது. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து குடத்துக்கு இடம் செய்து வைத்திருந்தது. லாரி வந்துவிட்டது, ஓடு.

பிறகுதான் தூறல் முகத்தில் பட்டது. இது ஷெஃபீல்டு. மாலை மூன்றரை மணி. மகளின் பள்ளி வாசலில் ஒரு வேனிலிருந்து மஞ்சள் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் வீட்டில் நான்கு குழாய்கள் இருக்கின்றன. வேலை செய்யும் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவிச் சுத்திகரிக்கும் பிரிவில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் கால் நம்பவில்லை. வெளியே போன காலைத் திரும்ப உள்ளே இழுக்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கயல் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினாள். பதினாறு வயது. பள்ளியில் இந்த ஆண்டு நிதி திரட்டும் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அடிபம்பும் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறைகளும் கட்ட வேண்டும். அதற்காக எல்லோரும் ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஆறு மைல் நடக்கப்போகிறார்கள். பார்ப்பவர்கள் நன்கொடை தருவார்கள்.

"அம்மா, நீ தண்ணி தூக்கி இருக்கியா? லைக், ரியலா?"

"தூக்கியிருக்கேன்."

"எவ்ளோ மைல்?"

"அது அன்னன்னிக்கு நடக்கிற சண்டையைப் பொறுத்தது."

அவளுக்குப் புரியவில்லை. அவளுடைய தமிழ் நான்கைந்து வயதில் நின்றுபோன தமிழ். பசிக்குது, வேணாம், தூக்கம் வருது, எல்லாம் இருக்கிறது. அதற்குமேல் ஏற வேண்டுமானால் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள்.

"ஆறு மைல் தூக்கிட்டுப் போற தண்ணிய கடைசியில என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"புல்லுல ஊத்திடுவோம்."

வண்டியைக் கிளப்பினேன். வீடு வரும்வரை பின் இருக்கையில் அந்தக் கேன் டொக் டொக் என்று என்னை அழைத்துக்கொண்டே வந்தது.

2

சின்ன வயதில் எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லைன் வீடு. அப்பாவுக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றும் வேலை. அம்மா இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போவாள். குழாயில் வந்ததைப் பழுப்பு என்று சொன்னால் பழுப்புக்கு மரியாதை. துணி அலசலாம், குடிக்க முடியாது. குடிக்க லாரித் தண்ணீர்தான்.

லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. அதனால் ஆள் நிற்காது, குடம் நிற்கும். தெருவோரம் பச்சை, சிவப்பு, ஊதா என்று குடங்களின் வரிசை. கடல் காற்றில் காலிக் குடம் உருண்டு ஓடிவிடும், அதனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கருங்கல் போட்டு வைப்போம். கல் உள்ள குடம் ஆளுக்குச் சமம். நான்கு நாள் ஆனாலும் அதன் இடத்தை யாரும் எடுக்கக் கூடாது. வரிசை நகர்ந்தால், அந்த வீட்டு ஆள் இல்லாவிட்டாலும், பின்னால் நிற்பவள் தன் காலால் முன்னால் உள்ள குடத்தையும் தள்ளிவிட்டுத்தான் தன்னுடையதைத் தள்ளுவாள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியவள் முடியை விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

என் சிவப்புக் குடத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு பச்சைக் குடம் நிற்கும். அது தேசம்மாவுடையது. காத்திவாக்கத்து மீனவக் குப்பத்துப் பெண், என் வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டி. கயலிடம் நான் காட்டிய புகைப்படத்தில் இருப்பது நாங்கள் இருவரும்தான். மாமா புதிதாகக் கேமரா வாங்கியபோது எடுத்தது. பதினாலு வயது, இடுப்பில் குடம், இரண்டு பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறோம்.

"இவங்க இப்ப என்ன பண்றாங்க?" என்று கயல் கேட்டாள்.

"மீன் விக்கிறா. எட்டாவதோட படிப்ப நிறுத்திட்டா."

"ஏன்?"

"ஸ்கூல்ல பொண்ணுங்களுக்குக் கழிப்பறை இல்ல. அதான்."

முப்பது வருடத்துக்கு மேலாக யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் பொய் இல்லை. ஆனால் பொய்.

3

எங்கள் பள்ளியில் கழிப்பறை இருந்தது. வெளியே ஒரு பெரிய பூட்டோடு இருந்தது. தண்ணீர் இல்லை, நாறிவிடும் என்று பூட்டி, சாவியை டீச்சர்கள் வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பள்ளிச் சுவருக்குப் பின்னால், கடலுக்குப் போகும் வழியில் இருந்த சீமைக்கருவேலம் புதர்தான்.

தனியாக யாரும் போக மாட்டோம். இரண்டிரண்டு பேர். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி சுவரோரம் நிற்பாள். நிற்பவள் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான்: "நீ போ, நான் கீறேன்." அதைக் கேட்ட பிறகுதான் மற்றவள் முள்ளுக்குள் காலை வைப்பாள்.

யாராவது வந்தால் எச்சரிக்கச் சங்கேதம் வேண்டுமே. அதற்கு மீன் பெயர்களை வைத்தவள் தேசம்மா. சின்னப் பிள்ளைகள் வந்தால் "நெத்திலி." டீச்சர் வந்தால் "வஞ்சிரம்." ஆம்பிளைகள் வந்தால் "சுறா." ஒருமுறை தலைமையாசிரியரே வந்துவிட்டார். என்ன மீன் என்று புரியாமல் நான் "திமிங்கலம்! திமிங்கலம்!" என்று கத்த, அவர் நின்று கடலைப் பார்த்தார். தேசம்மா முள்ளுக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்கும்.

மூன்று வருடம் இப்படிப் போனது. அந்தப் புதரை வைத்துக்கொண்டே அவள் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கினாள்.

4

கயல் அந்தப் புகைப்படத்தை நன்கொடை கேட்கும் இணையப் பக்கத்தில் போட்டாள். "என் அம்மாவின் தோழி, பள்ளியில் கழிப்பறை இல்லாததால் படிப்பை இழந்தார். மலாவியில் இன்னொரு பெண்ணுக்கு இது நடக்க வேண்டாம்." நன்றாகத்தான் எழுதியிருந்தாள். நிறைய பேர் பகிர்ந்தார்கள். திருவொற்றியூரில் இருக்கும் என் தம்பி வரைக்கும் போய், அங்கிருந்து கைபேசி கைபேசியாக நடந்து காத்திவாக்கத்து மீன் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் தேசம்மாவும் பேசுவோம். அந்த ஞாயிறு அவளே முதலில் கேட்டாள்.

"இன்னா எழுதிகீது அதுல? படிச்சுக் காட்டு."

தமிழில் சொன்னேன்.

"கழிப்பறைன்னா, கக்கூஸா?"

"ஆமா."

"அத்தாலதான் நான் நின்னேனா?"

நான் கைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"சரி. மீனு வெய்யில்ல காயுது. வெக்கிறேன்."

அதன்பிறகு நான்கு ஞாயிறுகள் அவள் எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. படத்தில் இருப்பவரின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் படத்தைப் போடக் கூடாதாம். கயலின் ஆசிரியை மிகவும் மென்மையாக விளக்கினார்.

"படத்தில் ஒரு குழந்தை இருக்கிறதே."

"அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது."

"ஆனால் படத்தில் குழந்தைதானே?"

இந்த நாட்டுப் படிவங்களோடு எனக்கு இருபது வருடப் பழக்கம். வாதாடினால் இன்னொரு படிவம் வரும். வாங்கிக்கொண்டேன். மூன்றாவது கட்டத்தில் கேட்டிருந்தார்கள்: படத்தில் உள்ள குழந்தையின் காப்பாளர் பெயர். நான் சமையலறை மேசையில் பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று இங்கே எழுதிவிடுகிறேன். வேறு எங்கும் எழுதியதில்லை.

எட்டாம் வகுப்பு. மதிய உணவு வேளை. தேசம்மாவுக்கு அன்று மாதவிலக்கு நாள், முகம் வெளுத்திருந்தது. "நீ போ, நான் கீறேன்" என்றேன். அவள் உள்ளே போனாள். அப்போது நெடுஞ்சாலைப் பக்கம் ஹாரன் கேட்டது. இரண்டு நாளாக வராத லாரி. அம்மா ஷெட்டில், அப்பா மார்க்கெட்டில். வீட்டில் குடிக்க ஒரு சொட்டு இல்லை. என் சிவப்புக் குடமும் அவளுடைய பச்சைக் குடமும் இரண்டு நாளாகக் கல்லைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்கின்றன. பத்து நிமிடம்தானே என்று ஓடினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

பத்து நிமிடம் இல்லை. குழாயை யார் பிடிப்பது என்று சண்டை. இரண்டு குடத்தையும் நிரப்பி எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தபோது மணி அடித்துவிட்டது. நான் வகுப்புக்குப் போனேன். அவள் இடம் காலியாக இருந்தது. உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எளிதாக இருந்தது.

அவள் போகவில்லை. பக்கத்து லாரி பழுதுபார்க்கும் ஷெட்டின் ஆட்கள் நான்கு பேர் அந்தச் சுவர்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அவள் உள்ளே இருப்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அவள் முள்ளுக்குள் குந்தியபடியே, எழுந்திருக்க முடியாமல், கறையான பாவாடையோடு, பள்ளிவிட்டு எல்லோரும் போகும்வரை இருந்திருக்கிறாள். "சுறா" என்று கத்த யாரும் இல்லை.

சாயங்காலம் நான் பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். பரிசு கொண்டுபோவதுபோலப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். குடத்தைப் பார்த்தாள். "வெச்சிட்டுப் போ" என்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. நடந்ததை அவள் அம்மாதான் என்னிடம் சொன்னாள். "நீ எங்கடி இருந்தே?" என்று கேட்டாள். "மணி அடிச்சுது, அவ முன்னாடியே போயிட்டான்னு நெனச்சேன்" என்றேன். அதற்கடுத்த நாளும் அவள் வரவில்லை. அந்த மாதமே கூடையோடு அம்மா பின்னால் மீனுக்குப் போய்விட்டாள்.

எங்கள் நட்பு நிற்கவில்லை. இரண்டு கல்யாணங்கள், மூன்று பிரசவங்கள், அவள் கணவனின் சாவு, என் விமானம், எல்லாவற்றையும் பேசினோம். அந்த மதியத்தை மட்டும் பேசியதில்லை.

காப்பாளர் கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை மடித்து ஊருக்குப் போகும் பெட்டியில் வைத்தேன்.

5

தம்பி திருவொற்றியூரில் வீடு கட்டி முடித்திருந்தான். பால் காய்ச்ச அக்காதான் வரவேண்டும் என்று நாள் குறித்து, டிக்கெட் போட வைத்தான். ஐந்து நாள் விடுப்பு. இறங்கிய அன்றே தேசம்மா வீட்டுக்குப் போனேன். "அம்மா இல்ல" என்றார்கள். மறுநாளும் இல்லை. உள்ளே அவள் இருமுவது கேட்டது.

மூன்றாம் நாள்தான் விசேஷம். முகூர்த்தம் ஒன்பதரைக்கு மேல். நான் எட்டு மணிக்கே பட்டுப்புடவையோடு ஷேர் ஆட்டோ பிடித்துக் காத்திவாக்கம் மீன் கடைக்குப் போய்விட்டேன். கையோடு அவளை அழைத்துவந்துவிடலாம், ஒரு மணி நேரம் போதும் என்று கணக்கு. என் கணக்குகள் எப்போதும் இப்படித்தான்.

சாலையோரம், பழைய பேனரைக் கட்டிய நிழலில் அவள் பலகை. ஓர் ஆட்டோக்காரர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, சங்கரா ஒரு மாதிரி மொறைக்குது?"

"உன் மூஞ்சிய பாத்துகீது நைனா. அதுக்கு இன்னா தெரியும், பாவம். வாங்குறியா, பேசிகினே இருக்கியா?"

அவர் வாங்கிக்கொண்டு போனார். என்னை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னா மீனு வேணும்?"

"தேசு..."

"வஞ்சிரமா, சங்கராவா? பட்டுப்பொடவையில செதிலு பட்டுறப் போவுது, தள்ளி நில்லு."

கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி ஒன்றில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அவள் வெட்டினாள், நான் பார்த்தேன். கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்தை நோக்கி நகராமல் நகர்ந்துகொண்டிருந்தன. திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

"கடைய பாத்துக்கோ. ஒன்னுக்குப் போய்ட்டு வரேன்."

இத்தனை பெண்கள் உட்கார்ந்து விற்கும் அந்த இடத்தில் அதற்கு வசதி கிடையாது. தெருமுனையில் தெரிந்தவர் வீட்டுக்குப் போகவேண்டும். பத்து நிமிடம் ஆகும். நான் எழுந்து நின்றேன். ஓர் அட்டையை எடுத்து ஈ விரட்டினேன். விலை கேட்டவர்களிடம் "அக்கா வரட்டும்" என்றேன். "கடையில நிக்கிற, வெலை தெரியாதா? பொடவை மட்டும் பளபளன்னு கீது" என்று ஒரு பெண் திட்டிவிட்டுப் போனாள். ஒரு காகம் இரண்டு முறை வந்து பார்த்தது. மூன்றாம் முறை ஒரு சங்கராவோடு போனது.

ஒன்பது ஆயிற்று. தம்பி அழைத்தான். "அக்கா, எங்க கீற?" வந்துவிடுகிறேன் என்றேன். ஒன்பதரைக்கு மறுபடியும். "ஐயர் வந்துட்டாரு. நீதான பால் காய்ச்சணும்?" பத்துக்கு மூன்றாம் முறை. கைபேசி என் கையில் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. பக்கத்துக் கடைப் பெண் என் முகத்தைப் பார்த்து, "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். "இல்லைங்க, நான் நிக்கிறேன்" என்றேன். இதற்காகவா கடல் தாண்டி வந்தேன் என்று ஒரு குரலும், இதற்காகத்தான் வந்தாய் என்று ஒரு குரலும் கேட்டன. வெயில் பேனருக்குள் இறங்கிவிட்டது. மீன்களுக்கு மேல் ஐஸை அள்ளிப் போட்டேன். புடவை முழங்கால்வரை நனைந்தது.

பத்தே முக்காலுக்குத் தேசம்மா வந்தாள். மெதுவாக, வெற்றிலை மென்றபடி.

"இன்னும் கீறியா?"

"இருக்கேன்."

"தம்பி வூட்ல பால் பொங்கிடுச்சா?"

"பொங்கியிருக்கும்."

"நீ போவல?"

"நீ நிக்கச் சொன்னியே."

அவள் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கும்தான் நீ கீறேன்னு சொன்னே."

அவ்வளவுதான். பெட்டியில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கடைப் பெண் மீன் கழுவப் போய்விட்டாள்.

"லாரி வந்துச்சு தேசு. ரெண்டு நாளா தண்ணி இல்ல. அதான் ஓடிட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"குடம் ரொம்பி வந்துச்சே. காலிக் குடம் தானா ரொம்புமா? அத்த பாத்தப்பவே தெரியும்."

முப்பது வருடமாக நான் ஒளித்துவைத்ததை நானே இடுப்பில் சுமந்துகொண்டு போய் அவள் வாசலில் இறக்கியிருக்கிறேன்.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீதான் எங்கம்மாவாண்ட மணி அடிச்சுதுன்னு சொல்லிட்டியே. இன்னொரு தபா கேட்டா இன்னொரு பொய் சொல்லுவே. ஒன்னு போதும்னு வுட்டேன்."

"அந்தத் தண்ணிய என்ன பண்ணே?"

"இன்னா பண்ணுவாங்கோ? குடிச்சோம். எங்க வூட்லயும் ரெண்டு நாளா இல்ல."

6

கைப்பையில் எடுத்துவந்திருந்த படிவத்தை நீட்டினேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப என்னிடமே கொடுத்தாள்.

"போட மாட்டேன்."

"சரி. அந்தப் பக்கத்த அழிச்சிடச் சொல்றேன்."

"எதுக்கு அழிக்கிற? ஒயுங்கா எழுதச் சொல்லு. கக்கூஸ் இல்லாததால நின்னேனாம். மூணு வருசம் எங்க போனேன், லண்டனுக்கா? கக்கூஸ் இருந்துச்சு. பூட்டிகினு இருந்துச்சு." கத்தியை எடுத்து ஒரு தலையை வெட்டினாள். "அந்த ஊர்ல கட்டப்போறீங்களே, பூட்டு எந்தப் பக்கம்?"

"தெரியலையே."

"உள்பக்கம் தாப்பா கீதா?"

"தெரியல தேசு."

"தெரியாமலயா ஊரெல்லாம் கேட்டுகினு கீறீங்கோ? வெளிய பூட்டு வெச்சா அது வாத்தியாரு கக்கூஸு. உள்ள தாப்பா வெச்சாத்தான் பொண்ணு கக்கூஸு. காவலுக்கு ஆளே வாணாம். போடு உன் பொண்ணுக்கு போனு."

அங்கே அப்போது காலை ஆறு மணிகூட ஆகியிருக்காது. கயல் கலைந்த தலையோடு திரையில் வந்தாள். தேசம்மாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"வணக்கம், ஆன்ட்டி."

"ஆன்ட்டியா? பெரிம்மான்னு சொல்லு. உங்கம்மாவுக்கு நான் ரெண்டு மாசம் பெரியவ."

"பெரிம்மா. சாரி. நீங்க கோபமா?"

"கோவம்தான். உம்மேல இல்ல."

கயல் என்னைப் பார்த்தாள். இங்கே நான் பேச வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் அவளுக்குப் புரியும், தேசம்மாவுக்குப் புரியாது. தமிழில் சொன்னால் தேசம்மா முன் சொன்னதாகும். தமிழில் சொன்னேன், சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்வதுபோல. பெரிம்மா உள்ளே போனா. நான் வெளியே நின்னேன். லாரி வந்தது. நான் ஓடிட்டேன். அவ வெளிய வர முடியல. அப்புறம் அவ ஸ்கூலுக்கு வரல. கழிப்பறை பூட்டியிருந்தது. ஆனா அவ நின்னது அதனால மட்டும் இல்ல. என்னால.

கயலின் முகம் எனக்குத் தெரியாத ஒரு முகமாக மாறியது.

"யூ லெஃப்ட் ஹர்?"

"ஆமா."

"அவளை... விட்டுட்டியா?" தமிழில் மறுபடியும் கேட்டாள். தமிழில் அது இன்னும் வலித்தது.

"ஆமாம்மா. விட்டுட்டேன்."

தேசம்மா கைபேசியை என்னிடமிருந்து பிடுங்கினாள். திரையில் மீன் செதில் ஒட்டியது.

"இந்தா, கேளு பாப்பா. அவளுக்குப் பதினாலு வயசு. வூட்ல ரெண்டு நாளா குடிக்கத் தண்ணி இல்ல. அத்தையும் எழுதிக்கோ. ஒன்ன மட்டும் எழுதாத."

"எழுதுறேன் பெரிம்மா."

"உள்பக்கம் தாப்பா வெக்கச் சொல்லு."

"தாப்பான்னா?"

தேசம்மா கத்தியை இடது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் நுழைத்து, இழுத்து, மறுபடி நுழைத்துக் காட்டினாள். கயல் தலையாட்டினாள். இந்த வார்த்தையை அவள் இனி மறக்கமாட்டாள் என்று தோன்றியது.

(இதை எழுதும் இந்த வாரம் மலாவியிலிருந்து பதில் வந்துவிட்டது. அந்தப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். திட்டத்தில் வெளிப்பக்கக் கொக்கி மட்டும்தான் இருந்ததாம். உள்பக்கம் வேண்டும் என்று அங்குள்ள பெண்பிள்ளைகள் முன்பே கேட்டிருக்கிறார்கள், யாரும் காதில் வாங்கவில்லையாம். கயல் அந்த வரியைத்தான் இப்போது பக்கத்தின் முதல் வரியாகப் போட்டிருக்கிறாள். என்னோடு இன்னும் முன்போலப் பேசுவதில்லை. ஆனால் நடைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். ஆறு மைல் சுமந்த தண்ணீரைப் புல்லில் ஊற்றப்போவதில்லையாம், பள்ளித் தோட்டத்துக்காம்.)

7

படிவம் என் மடியில் கிடந்தது. சரியாக எழுதுவதாகக் கயல் சொல்லிவிட்டதால், தேசம்மா இப்போது அதை எடுத்துத் தன் பெயரை இரண்டாம் கட்டத்தில் எழுதினாள். அழகான கையெழுத்து, எட்டாம் வகுப்பில் பார்த்த அதே கையெழுத்து, ஒரு நாள்கூட வயது ஏறாதது. மூன்றாவது கட்டத்தைக் காட்டி, "இது இன்னா கேக்குது?" என்றாள்.

"படத்துல இருக்கிற பொண்ணுக்குக் காவல் யாருன்னு கேக்குது. வெறுமையா விட்டுடலாம்."

"இன்னாத்துக்கு? உம்பேர போடு."

"தேசு, வேணாம்."

"ஒரு நாள்தான் நீ நிக்கல. மிச்ச மூணு வருசம் யாரு நின்னா, உங்கம்மாவா? திமிங்கலம் திமிங்கலம்னு கத்துனது யாரு? பேஜாரு பண்ணாத, போடு."

போட்டேன். மடியில் வைத்து எழுதியதில் என் பெயர் கட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. அதற்கு இன்னொரு படிவம் வரலாம்.

கடையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு ஆட்டோ நிற்கும் இடம்வரை நடந்தாள். வழியில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் நின்று, "நாலு இஞ்ச் தாப்பா ஒன்னு குடு. உப்புக் காத்துல துரு புடிக்காததா குடு" என்றாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். சத்தம் சரியில்லை என்று அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினாள். மீன் வாசத்தோடு அதை என் கைப்பைக்குள் போட்டாள்.

"என் பங்கு. அந்த ஊருக்கு அனுப்பு. ஏதாவது ஒரு கதவுக்கு ஆவும்."

"பெட்டியத் தொறந்து பாக்குறவங்க இது என்னன்னு கேப்பாங்க."

"கேட்டா நான் காட்டுன மாதிரி காட்டு."

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஆறு பேர், எனக்கு விளிம்பில் அரை இடம். அன்றைக்கு மறுநாள் இரவு விமானம். இனி எப்போது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்தும் என் கால் ஒன்று வெளியிலேயே இருந்தது. ஓட்டுநர் ஹாரனை அடித்தார். அந்தச் சத்தத்துக்கு உடம்பு ஒரு கணம் உதறியது. தேசம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, புகைப்படத்தில் நிற்பதுபோலவே சாலையோரத்தில் நின்றாள்.

"இன்னாத்துக்குத் திரும்பித் திரும்பிப் பாத்துகினு கீற? நீ போ. நான் கீறேன்."